மரைக்காயரும் பிரெஞ்சு ஊற்றுத் தண்ணீரும்

"மறுபடியும் ஒரு பாட்டிலைக் காணோம்!" என்று அடுப்படியிலிருந்து சுல்தான் பீவி கத்தியபோது, அவள் கணவர் நெய்னா முகம்மது மரைக்காயர் அந்தப் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக நழுவிக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தது அவருடைய சிறுநீர். காரைக்காலில் மரவாடி வைத்துப் பெயரெடுத்த மனிதர், அதை மண்கலயத்தில் ஏந்திக் கடைத்தெரு வழியே ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? கரும்பச்சைக் கண்ணாடியில் பிரெஞ்சுப் பாட்டில் என்றால் ஒரு கௌரவம். அதையும் யாராவது ஒயின் என்று நினைத்துவிட்டால் பள்ளிவாசலில் தலைகாட்ட முடியாது. அதனால்தான் துண்டு.

வந்த வினை இதுதான். டாக்டர் சிதம்பரநாதன் முதல் தடவை அவருடைய சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சியபோது அது பச்சையானது.

"பச்சைன்னா சர்க்கரை கொஞ்சம். மஞ்சள்னா அதிகம். செங்கல்லா சிவந்துதுன்னா தினம் ஊசிதான், பார்த்துக்குங்க" என்றார் டாக்டர்.

மரைக்காயருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கைலி கிழிந்தால்கூட, தைக்கிற இடத்தில் அவர் நிற்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரியிலிருந்து வந்து சேர்ந்தான் மைத்துனன் காதர் பாட்சா.

"பிரான்சுல சர்க்கரை வியாதிக்காரங்க ஊத்துக்கே போயி உக்காந்து குடிக்கிறாங்க மச்சான். பூமிக்குள்ளேருந்து வர்ற தாதுத் தண்ணி. சர்க்கரையை அப்படியே கரைச்சிடும்."

"எந்தத் தண்ணியிலதான் சர்க்கரை கரையாது?" என்று சுல்தான் பீவி கேட்டாள். மரைக்காயர் அதற்குள் ஒரு பெட்டித் தண்ணீருக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

பெட்டி வந்து இறங்கியது. தண்ணீர் உப்பும் துவர்ப்புமாகக் குமட்டியது. ஊசியை நினைத்துக்கொண்டு மரைக்காயர் மடமடவென்று குடித்தார். வயிறு நிறையத் தண்ணீர் இருந்ததால், உயிராய் இருந்த சர்பத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

சுல்தான் பீவியின் கண்ணெல்லாம் பாட்டில் மேல். "தண்ணி எப்படியோ போகட்டும். மூடி நல்லா இறுக்கமா இருக்கு, எறும்பு ஏறாது" என்று காலியாகிற பாட்டில்களை அடுப்படி அலமாரியில் அடுக்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மரைக்காயர் அவற்றைத் தூக்கிப் பார்த்து, கனமில்லாத ஒன்றை எடுத்துக்கொள்வார்.

அப்படி எடுத்துப்போன முதல் பாட்டில் மஞ்சள் காட்டியது.

தண்ணீர் போதவில்லை என்று இரண்டு மடங்காகக் குடித்தார். அடுத்த பாட்டில் ஆரஞ்சு காட்டியது.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "தாகம் இல்லேங்கறீங்க. கால் எரிச்சலும் போச்சுங்கறீங்க. ஆளும் தெளிவா இருக்கீங்க. இது மட்டும் ஏன் இப்படி ஏறுது?"

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடிக்கட்டுங்களா?"

"சர்பத்தை விட்டுட்டுத் தண்ணி குடிக்கிறது நல்லதுதான். அதுக்கு பிரான்சுத் தண்ணி எதுக்கு? உங்க வீட்டுக் கேணித் தண்ணி போதும். ரெண்டுமே மருந்து இல்லீங்க, மரைக்காயர்."

பிரெஞ்சுத் தண்ணீரையும் கேணித் தண்ணீரையும் ஒன்றாக்குகிற டாக்டரை அவர் எப்படி நம்புவார்? சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தையும் தண்ணீரால் நிரப்பினார். இரவெல்லாம் கொல்லைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். "நீங்களும் தூங்க மாட்டீங்க, என்னையும் தூங்க விட மாட்டீங்க" என்று சுல்தான் பீவி தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

இன்று துண்டுக்குள் வந்த பாட்டிலைத் திறந்து டாக்டர் காய்ச்சினார். நீலம் பச்சையாகவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. செக்கச்செவேலென்று சிவந்தது.

"கையைக் காட்டுங்க" என்றார்.

"டாக்டரய்யா, நாளைக்கு..."

"நாளைக்கும் உண்டு. கையைக் காட்டுங்க."

மரைக்காயர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரை மிரண்டது. கம்பவுண்டர் காலிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, "இதை என்னங்க செய்ய?" என்று கேட்டார்.

"தூக்கிப் போடுய்யா! இனி அந்தச் சனியன் என் கண்ணுலயே படக்கூடாது!"

வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். சுல்தான் பீவிக்குப் பாட்டில் கோபமெல்லாம் பறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"ரொம்ப வலிச்சிச்சாங்க?"

"இனி தினம் குத்துவாங்களாம், சுல்தானு. நானும் வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி, அந்த உப்புத் தண்ணியைக் குடம் குடமா குடிச்சேன். அத்தனையும் வீண். இனிமே ஒரு பாட்டில்கூட வாங்கப்போறதில்லே."

எவ்வளவு பிடிவாதக்காரராக இருந்தாலும் பாவமாகத்தான் இருந்தது. சுல்தான் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலைக்கு நிற்கும் ஆஸியா பீவி அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"வாங்கலைன்னா இருக்கிற பாட்டிலையாவது மரைக்கார் தூக்கிட்டுப் போகாம பார்த்துக்குங்க லாத்தா. ஒவ்வொரு தடவையும் அடியில ஒட்டிக் கிடக்குற தேனும் சேர்ந்துல்ல போயிடுது!"