பெட்டிக்குள் ஒரு 'ம்ம்ம்'

பல் டாக்டர் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார். இடமும் வலமும் ஒரு திருகு திருகினார். பிறகு வெடுக்கென்று பிடுங்கினார். பிடுங்கிப் பழகிய கை.

"என்னங்க பண்றீங்க? உள்ள பால் இருக்கு, மீன் இருக்கு!" என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தாள்.

"பத்தே நிமிஷம். அந்தச் சத்தம் ஃபிரிட்ஜ் மோட்டாராலதான் வருதான்னு பார்த்துடறேன்."

"நேத்து ஃபேன்னு சொன்னீங்க. முந்தாநாள் வாஷிங் மெஷின்னு சொன்னீங்க."

"ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வரணும். கடைசியில எது மிச்சமோ அதுதான் குற்றவாளி. கணக்கு டீச்சருக்கு நான் சொல்லித் தரணுமா?"

"இப்படியே விலக்கிக்கிட்டு வந்தா கடைசியில வீட்டுல நீங்களும் நானுந்தான் மிச்சமிருப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய காது இப்போது வேறு வேலையில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் கூடத்தில் கொலு வீற்றிருந்த அந்தப் பெட்டி. வால்வு வைத்த பிரீஆம்ப்ளிஃபையர். கணினியிலிருந்தும் சிடி பிளேயரிலிருந்தும் பாட்டை வாங்கி, பக்குவப்படுத்தி, ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பி வைக்கும். முன்பக்கம் நான்கு கண்ணாடி வால்வுகள் இளஞ்சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். பின்பக்கம் புதுக்காலத்துக்கேற்ப யு.எஸ்.பி., ஆப்டிகல், கோஆக்சியல் என்று டிஜிட்டல் வழிகள். டாக்டர் ஒன்பது வருஷம் அதன் படத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறார். பிள்ளையின் படிப்பு முடியட்டும், வீட்டுக்கு வெள்ளையடித்து முடியட்டும் என்று ஒவ்வொன்றுக்காகவும் தள்ளிப்போட்டு, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் வாங்கினார்.

"நாள் பூரா டிரில் சத்தத்தையும் அலறலையும் கேக்கற காது இது. சாயங்காலம் ஒரு மணி நேரமாவது அதுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டாமா?" என்று அவர் கேட்டபோது மனைவிக்கு மறுக்க மனம் வரவில்லை. பாவம், கிளினிக்கிலிருந்து வந்தால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதர். ஏதோ ஆசைப்பட்டுவிட்டார்.

"சரி, வாங்குங்க. ஆனா கூடம் கூடமா இருக்கணும்" என்றாள்.

முதல் நாள் வால்வுகள் சூடேற அரைமணி நேரம் பயபக்தியோடு காத்திருந்தார். பிறகு பாட்டைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். 'இசை உங்கள் தலைக்குள்ளேயே நிகழ்வது போலிருக்கும்' என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அப்படியே இருந்தது. வீணைக்காரரின் விரல் நரம்பில் உரசுவதுகூடக் கேட்டது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நிமிஷம் கழித்து, அதே தலைக்குள், 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தார். சத்தம் நின்றது. மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பாட்டில் மனம் ஒன்றி, உலகம் மறந்துபோகிற சமயம் பார்த்து மறுபடியும் 'ம்ம்ம்'.

"உனக்குக் கேக்குதா?" என்று மனைவியைக் கேட்டார்.

"என்னது?"

"ஒரு சத்தம். ம்ம்ம்னு."

"புதுசா ஒண்ணும் கேக்கலையே. எப்பவும் கேக்கறதுதான் கேக்குது."

இவளுக்கு இசைக் காது கிடையாது என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார்.

கடையின் டெக்னீஷியனுக்குப் போன் போட்டார். நல்ல பொறுமைசாலி. "எர்த் கோளாறா இருக்கும் டாக்டர். கணினியிலேர்ந்து வயர் வழியா வருது. ஆப்டிகல் கேபிள் போட்டுப் பாருங்க. அதுல பாட்டு வெளிச்சமா போகும், கரண்டே போகாது. அந்த வழியா இரைச்சல் வரவே முடியாது" என்றார்.

ஆப்டிகல் கேபிள் வந்தது. இரைச்சலும் வந்தது.

"வெளிச்சத்துலகூட வருதுங்க!" என்று டாக்டர் போனில் பதறினார். நாற்காலியின் கைப்பிடியில் செல்போனை வைத்துப் பதிவு செய்து அனுப்பினார். டெக்னீஷியன் அதை நாலு தடவை போட்டுக் கேட்டார்.

"ஆமா டாக்டர், தெளிவா கேக்குது. ஆனா நடுநடுவுல நின்னு நின்னு வருதே? பதினோரு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஹம் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. ஒருவேளை வால்வு அதிர்ந்தாலும் அப்படி வரலாம். பெட்டிக்கு அடியில ரப்பர் மாதிரி எதையாவது குடுத்துப் பாருங்க."

ரப்பருக்கு எங்கே போவது? டாக்டர் கிளினிக்கிலிருந்து பல் அச்சு எடுக்கும் மாவைக் கொண்டுவந்து பிசைந்து, பெட்டிக்கு அழகாக நாலு பாதம் செய்தார். அதோடு நின்றிருக்கலாம். கையில் கொஞ்சம் மாவு மிஞ்சிவிட்டது. பெட்டியின் பின்பக்கம் உபயோகமில்லாமல் ஒரு கோஆக்சியல் துவாரம் இருந்தது. சொத்தைப் பல்லையே பார்த்துக் காலந்தள்ளிய மனிதருக்கு ஒரு ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் இருக்க முடியுமா? அடைத்தார். மேலே வழவழவென்று தேய்த்தும் விட்டார்.

மறுநாள் டெக்னீஷியன் போனில், "அப்ப கோஆக்சியல்ல போட்டுப் பார்த்துடுங்களேன்" என்றார்.

டாக்டர் போய் இரும்புக் குறட்டை எடுத்துக்கொண்டு வந்தார். இறுகிப்போன மாவைப் பிடித்து இழுத்தார். மாவு வந்தது. துவாரமும் வேரோடு வந்தது.

அதைச் சரிபண்ண டெக்னீஷியன் நேரிலேயே வந்தார். டாக்டர் கிளினிக்கில் இருந்த நேரம். பள்ளிக்கு விடுமுறையானதால் மனைவி வீட்டில் இருந்தாள். அவர் புதுத் துவாரம் பொருத்திவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்லியாம். பளிங்கு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போனார்" என்று மாலையில் மனைவி சொன்னாள்.

டாக்டர் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டைப் போட்டார். இரண்டு நிமிஷம். 'ம்ம்ம்'.

"என்னைக் கண்டாத்தான் இதுக்கு ஆகலை" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்து சேர்ந்தாள். அவளையும் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இப்ப கேக்குதா? இப்ப? இப்ப?" என்று விடாமல் கேட்டார்.

"நீங்க பேசறதுதான் மாப்ள கேக்குது. மத்தபடி நல்லாத்தான் பாடுது" என்றாள் மாமியார்.

அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். சத்தம் வந்தது. எழுந்தார். போய்விட்டது.

மனைவி விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க உக்காந்தா வருது, எழுந்தா நின்னுடுது. எப்பவும் கேக்கறதுதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"நாற்காலி!" என்று கத்தினார் டாக்டர். "அதுல இரும்பு ஸ்பிரிங் இருக்கு. அதுதான் கரண்டை இழுக்குது!"

நாற்காலி பால்கனிக்குப் போனது. டாக்டர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார், தரையில் உட்கார்ந்து கேட்டார், பாயில் படுத்துக் கேட்டார். சத்தம் விசுவாசமாகக் கூடவே வந்தது. அப்புறம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனியாக எர்த் கம்பி இழுத்தார். கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் விழுந்தது. எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள் அத்தனையிலும் சிமெண்ட் தூசி. கூடம் கூடமாக இல்லை.

இந்த லட்சணத்தில்தான் வியாழக்கிழமை மாலை ஃபிரிட்ஜின் பிளக்கும் பிடுங்கப்பட்டது.

பத்தே நிமிஷம் என்றார் அல்லவா? ஃபிரிட்ஜ் நின்ற பிறகும் 'ம்ம்ம்' வந்தது; அதைத் தேடிய மும்முரத்தில் பிளக்கைத் திரும்பச் செருக மறந்தே போனார். வெள்ளிக்கிழமை காலையில் மீன் தன் இருப்பை மூன்றாவது மாடி வரைக்கும் தெரியப்படுத்தியது.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"கடைக்காரங்க பதினஞ்சு நாள் குடுத்திருக்காங்கல்ல? நாளையோட முடியுது. அதுக்குள்ள சரியாகலைன்னா பல்பு பொட்டி திரும்பிப் போயிடணும்."

"ஒன்பது வருஷ ஆசைடி."

"தெரியும். அதனாலதான் இத்தனை நாள் பொறுத்தேன். சந்தோஷமா கேப்பீங்கன்னு பார்த்தா, பேயைத் தேடற மாதிரி தேடிக்கிட்டு இருக்கீங்க. உங்களைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமா இருக்கு."

அவள் சொன்னது நியாயம்தான்.

சனிக்கிழமை காலை நாலு வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்துப் பஞ்சில் வைத்தார். வாழ்நாளில் எத்தனையோ பிடுங்கியிருக்கிறார், இப்படி மனசு வலித்ததில்லை. அட்டைப்பெட்டியில் அடைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கேயே வந்து எடுத்துக்கொள்ளும்படி டெக்னீஷியனிடம் சொல்லியிருந்தார்.

டெக்னீஷியன் வந்தார். ஒரு கன்னம் மட்டும் பெரிதாக வந்தது.

"என்னாச்சு?"

"கடைவாய்ப் பல்லு டாக்டர். மூணு நாளா உயிர் போகுது."

"முதல்ல உக்காருங்க. பொட்டி எங்கயும் ஓடிடாது."

டாக்டர் பெட்டியை அறையின் மூலையில் வைத்தார். ஊசி போட்டார். சொத்தையைக் குடைந்து எடுத்தார். டிரில்லை நிறுத்திவிட்டு, சின்னக் கரண்டியால் சிமெண்டை வைத்துப் பதமாக அழுத்தி, பல்லுக்குப் பழைய வடிவத்தைக் கொண்டுவரத் தொடங்கினார். அவருக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இது. அறை அமைதியாக இருந்தது. வாசல் பக்கத்து மேஜையில் நர்ஸம்மா கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று டெக்னீஷியனின் கண்கள் அகலமாக விரிந்தன. "ஆ... ஆ!" என்று கையை ஆட்டினார்.

டாக்டர் நிறுத்தினார். "வலிக்குதா?"

இல்லை என்று தலை ஆடியது. டாக்டர் மீண்டும் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் டெக்னீஷியன் மறுபடியும் துள்ளினார். இந்தத் தடவை மூலையிலிருந்த பெட்டியை நோக்கி விரலை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"குடுத்துடறேன்யா. இன்னும் ரெண்டே நிமிஷம். அசையாதீங்க" என்றார் டாக்டர், கொஞ்சம் வருத்தமாகவே. ஆசையாக வாங்கிய பொருளைத் திருப்பி எடுத்துப்போக இவ்வளவு அவசரமா?

ஒருவழியாக வாயை மூட அனுமதி கிடைத்தது. டெக்னீஷியன் கொப்பளிக்கக்கூட இல்லை. மரத்துப்போன உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"டாக்டர்! சத்தம்! நீங்க பதிவு பண்ணி அனுப்பினீங்களே, அதே ம்ம்ம்! இப்பக் கேட்டுது! இந்த ரூமுலதான்!"

"என்னது?"

"பொட்டி மூடியிருக்கு, வால்வு கழட்டியிருக்கு, கரண்டே இல்ல. எப்படி டாக்டர் சத்தம் வரும்?" அவருக்கு முகம் வெளுத்திருந்தது.

டாக்டருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா? நான் பொய் சொல்லலை பார்த்தீங்களா? என் காதுல கோளாறு இல்ல! உங்களுக்கும் கேட்டுடுச்சு! என் வீட்டுக்காரிகிட்ட இதை நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க!"

இரண்டு பேரும் பாய்ந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார்கள். ஆளுக்கொரு பக்கமாக அட்டையில் காதை ஒட்டவைத்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

"கொஞ்ச நேரம் இருங்க, வரும். நாம தேடினா ஒளிஞ்சுக்கும்" என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

நர்ஸம்மா கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியை ஊதித் துடைத்து வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த இருவரையும் திரும்பிப் பார்த்தாள்.

"அது பொட்டி இல்ல தம்பி, நம்ம டாக்டர்தான். மனசுக்குப் பிடிச்சு எதையாவது செஞ்சா அவரையறியாம ம்ம்ம்னு ராகம் இழுப்பார், பதினாறு வருஷமா நான் கேக்கறேன். இங்க வர்றவங்கள்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, யாரு அவர்கிட்ட சொல்றது?"