ஒரு சொட்டுகூட இறங்காது

கை கழுவலாம் என்று குழாயைத் திறந்தால் முதலில் ஒரு காய்ந்த இலை வந்தது. தண்ணீர் சற்று யோசித்துவிட்டு, அப்புறம் பழுப்பாக வந்தது.

கோயில் மண்டபத் தலைவர் தங்கராஜு இலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். “குணா, பராமரிப்புச் செயலாளர் நீதானே? இது என்ன, பிரசாதமா?”

குணாளன் ஏணியில் ஏறிப் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் கூரையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெடிப்பு. மண்டபக் கூரையில் விழும் மழைநீர் முழுவதும் அதன் தலையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

“பிறை டவுன்ல ஒரு கொந்த்ராக்டர் இருக்கான். கூப்பிடவா?” என்றார் தங்கராஜு.

“எதுக்குண்ணே? ஃபேக்டரியில பதினெட்டு வருஷமா குவாலிட்டி செக்கிங் பாக்கறேன். சனிக்கிழமைக்குள்ள நானே அடைக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு உள்ள இறங்குனா பதவிய விட்டுடறேன்.”

“எழுதிக் குடுப்பியா?”

“வாட்ஸ்அப்லயே போடறேன்லா!”

போட்டும்விட்டான். நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். இந்தப் பதவி போனால் அவனுக்கு வேறு பதவி கிடையாது. வீட்டில் அவன் சாதாரண உறுப்பினர்.

திங்கட்கிழமை, வெடிப்பைச் சற்று அகலப்படுத்திச் சிமெண்ட் வைக்கலாம் என்று உளியால் ஒரு தட்டுத் தட்டினான். கான்கிரீட் துண்டு ஒன்று தொபுக்கென்று உள்ளே விழுந்தது. வெடிப்பு இருந்த இடத்தில் இப்போது தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. மாலையில் நல்ல மழை. மறுநாள் தொட்டிக்குள்ளிருந்து ஒரு தவளை கூப்பிட்டது.

“தம்பி, ஒரு விஷயம்...” என்று வந்தார் மண்டபம் பெருக்கும் வள்ளியம்மா.

“அக்கா, வேலை நடக்குது. அப்புறம்.”

புதன்கிழமை ஓட்டையைச் சிமெண்டால் மூடினான். பட்டர்வொர்த்தில் ஒரு வாளி ரப்பர் பெயிண்ட் வாங்கி, மோட்டார் சைக்கிளில் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கடல் தாண்டும் ஃபெரியில் கொண்டுவந்து சேர்த்தான். ஈரம் காயும்வரை பொறுக்க அவனுக்கு நேரமில்லை. பூசினான். மறுநாள் வெயிலில் பெயிண்ட் அப்பளம் அப்பளமாக உப்பிக்கொண்டது.

தங்கராஜு ஏணியின் மூன்றாம் படியிலிருந்தே பார்த்துவிட்டார். “நல்லா பொரிச்சு வெச்சிருக்க. சாம்பார் எங்க?”

“சிரிங்கண்ணே. சனிக்கிழமை நான் சிரிக்கிறேன்.”

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தான். ஃபேக்டரிக்கு லீவு போட்டான். மண்டபத்து மின்விசிறிகள் நான்கைக் கயிறு கட்டி மேலே ஏற்றி, தொட்டிக்குக் காற்று வாங்கவைத்தான். வலைத்துணி விரித்து, குறுக்கும் நெடுக்குமாக மூன்று பூச்சு.

“தம்பி, அந்தத் தண்ணி விஷயம்...”

“அக்கா, இது கெமிக்கல் சமாச்சாரம். உங்களுக்குப் புரியாது.”

சனிக்கிழமை ஆண்டுக்கூட்டம். நாற்பது பேர் அண்ணாந்து பார்க்க, குணாளன் கூரை விளிம்பில் மணல் மூட்டை அடுக்கினான். கூரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்திருந்த தொட்டி வாயின் இரும்பு மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தண்ணீரையே வாளியில் மொண்டு கூரைமேல் ஊற்றினான். முதல் வாளியில் தவளை வந்தது. அதை மட்டும் மரியாதையாகக் கீழே இறக்கிவிட்டான். வாளி தொட்டியின் அடியில் உரசும்வரை மொண்டான். கூரைமேல் குளம் நின்றது.

இரண்டு மணி நேரம் கழித்து, தங்கராஜுவே தொட்டி வாய் வழியாகத் தலையை விட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் குரல் தொட்டிக்குள் எதிரொலித்தது.

“ஒரு சொட்டுகூட இல்லடா!”

கைத்தட்டல். மாலை. பொன்னாடை. அடுத்த ஆண்டுக்கும் குணாளனே செயலாளர் என்று ஏகமனதாகத் தீர்மானம். குணாளன் மறக்காமல் சிரித்தான்.

வாழையிலைச் சாப்பாடு முடிந்து, நாற்பது பேரும் குழம்புக் கையோடு குழாயடியில் வரிசையாக நின்றார்கள். குழாய் ‘உஸ்’ என்றது. அவ்வளவுதான்.

“குணா, தண்ணி எங்க?” தங்கராஜுவின் கையில் குழம்பு காய ஆரம்பித்திருந்தது.

“டெஸ்ட்டுக்கு மேல ஊத்துனேன்ல, அதான். மோட்டார் இப்ப ஏத்திடும். அஞ்சு நிமிஷம் பொறுங்கண்ணே.”

பதினைந்து நிமிடம் ஆயிற்று. மாலையைக் கழற்றாமல் குணாளன் காதைத் தொட்டியில் வைத்துக் கேட்டான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

வள்ளியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

“இதத்தான் தம்பி வாரம் பூரா சொல்ல வந்தேன். மோட்டார் செத்து எட்டு மாசமாச்சு. இத்தன நாளும் அந்த வெடிப்புதான் நமக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு.”