சாட்சியில்லாத மழை

எங்கள் மதுரைக் கோடை மழைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாட்சி வைத்துக்கொண்டு பெய்யாது. பழங்காநத்தத்தில் சாக்கடை பொங்கி ஓடும் அதே நேரத்தில், கூப்பிடு தூரத்துத் தெருவில் ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருப்பார். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் நாகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். எல்லோரும் மொட்டை மாடிக்குத் துணி எடுக்க ஓடுவார்கள். காற்று ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டுவிட்டுப் போய்விடும். எடுத்த துணியை மறுபடி காயப்போட வேண்டியதுதான். இப்படியே ஏமாற்றிக்கொண்டிருந்துவிட்டு, யாரும் மாடி ஏறாத நாளாகப் பார்த்துக் கொட்டித் தீர்க்கும்.

அதனால் நான் வானத்தை நம்புவதில்லை. செல்போன் மேகப்படம் காட்டினாலும் நம்புவதில்லை. (வீட்டில் என்னையே யாரும் நம்புவதில்லை என்பது தனிக் கதை. தனிக் கதை என்ன, அந்தக் கதைதான் இது.)

அப்போது நான் வில்லாபுரத்தில் அப்பா அம்மாவோடு இருந்தேன். ஒரு டைல்ஸ் கடையில் வேலை. வீட்டில் மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மும்முரமாகத் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வீட்டுக்குக் கிளம்பும்போது வயிற்று வலி வந்தது. இன்னொரு வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி பஞ்சர். (வயிற்று வலி பொய். பஞ்சர் நிஜம். ஆனால் அம்மா இரண்டையும் ஒரே கணக்கில்தான் வைத்தார்.)

கோச்சடைப் பெண் விஷயம் வேறு. பெயர் கோகிலா. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். போட்டோவில் கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல், 'படம் எடுக்கத் தெரிந்துதான் எடுக்கிறாயா' என்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு என்னவோ பிடித்துப்போனது. இந்தத் தடவை ஒழுங்காகப் போய் நிற்பது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். இதை அம்மாவிடம் சொன்னபோது, "என்னடா, இம்புட்டு ஈசியா தலையாட்டுற?" என்று அதற்கும் சந்தேகப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். காரில் அப்பா, அம்மா, பெரியம்மா, அக்கா, அத்தான், பழத்தட்டு எல்லாம் ஏறியபின், மாப்பிள்ளைக்கு மட்டும் இடமில்லை. அவர்கள் டவுனுக்குள் போய் பூ வாங்கிக்கொண்டு வருவது, நான் பைக்கில் பைபாஸ் வழியாக நேரே வருவது என்று ஏற்பாடு.

"நேரா வந்துருவியா?" என்றார் அம்மா.

"வந்துருவேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெயில் என்றால் வெயில், அப்படி ஒரு வெயில். புது வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. பழங்காநத்தத்தைத் தாண்டும்போது கைமேல் ஒரு சொட்டு விழுந்தது. பழுத்த நாவல்பழம் மாதிரி கனமான சொட்டு. ரோட்டில் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டிக் கடைகளின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். எனக்குத்தான் மதுரை வானத்தைப் பற்றி எல்லாம் தெரியுமே. ஏமாற்றுகிறது, நாலு சொட்டுப் போட்டுவிட்டு ஓடிவிடும் என்று ஆக்ஸிலேட்டரைத் திருகினேன்.

அது ஓடவில்லை. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. கண் தெரியவில்லை. ஒதுங்கலாம் என்று நினைத்தபோது ஜட்டி வரைக்கும் நனைந்திருந்தது. இனி ஒதுங்கி எதைக் காப்பாற்ற? ராகுகாலத்தையாவது காப்பாற்றுவோம் என்று ஓட்டினேன். காளவாசலுக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ ரோட்டின் குறுக்கே கோடு போட்டு வைத்த மாதிரி மழை நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் புழுதி, வெயில், இளநீர் வண்டி, நிம்மதியாகப் படுத்திருக்கும் நாய். நாய் தலையைத் தூக்கி என்னை ஒரு தினுசாகப் பார்த்தது. அன்றைக்கு என்னைச் சந்தேகப்பட்ட முதல் ஜீவன் அதுதான்.

கோச்சடையில் பெண் வீட்டு வாசலில் கோலமாவு காற்றில் பறந்துகொண்டிருந்தது. நான் இறங்கி நின்ற இடத்தில் ஒரு சின்னக் குளம் உருவானது. கதவைத் திறந்தவர் கோகிலாவின் தாய்மாமன் சௌந்தரம். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர்டு ஆனவர். உடம்புதான் ரிட்டயர்டு ஆகியிருந்தது, கண் ஆகவில்லை.

"யாரு நீங்க?"

"மாப்பிள்ளைங்க. வில்லாபுரம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே இருந்த நீல வானத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"மழைங்க."

"எங்க?"

"பைபாஸ்லங்க."

"ஓஹோ," என்று சொல்லிவிட்டு, கை கொடுப்பது போல நெருங்கி வந்து மூச்சை இழுத்து என்னை மோந்து பார்த்தார். (அதுவரை நான் பீர் பாட்டிலைக் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன். நீங்களும் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை.)

கோகிலாவின் அப்பா நல்ல மனிதர். விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே கூட்டிப்போய் மாற்றுத் துணி கொடுத்தார். அவருடைய பச்சைக் கட்டம் போட்ட கைலி ஒன்று. சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகனின் பழைய கபடி டி-ஷர்ட் ஒன்று. டி-ஷர்ட் என் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. முதுகில் பெரிய எழுத்தில் 'கேப்டன்' என்று போட்டிருந்தது. என் சட்டை பேன்ட்டைப் பின்கட்டுக் கொடியில் காயப்போட்டார்கள்.

கேப்டனை ஹாலில் உட்கார வைத்து சௌந்தரம் மாமா ஆரம்பித்தார்.

"தண்ணி லாரிகாரன் எவனாச்சும் அடிச்சு விட்டுட்டானா தம்பி?"

"இல்லைங்க, மழை."

"குழாய் எங்கயும் உடைஞ்சு..."

"மழைங்க மாமா."

"மாமாவா? அதை இன்னும் முடிவு பண்ணலையே."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு யோசனையே வந்திருக்கக் கூடாது. என் நண்பன் ரபீக்குக்குப் பழங்காநத்தத்தில் செல்போன் கடை இருக்கிறது. அவனைக் கேட்டால் தெரிந்துவிடும் என்றேன். "ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார் மாமா.

"மாப்ள, பழங்காநத்தத்துல இப்ப மழைதானே?" என்றேன், நீதிமன்றத்தில் நிற்கிற பவ்யத்தோடு.

அன்றைக்கு அவன் கடையைப் பூட்டிவிட்டு மேலூரில் மாமனார் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"மழையா? மண்டையப் பொளக்குது வெயில்! ஏன்டா மாப்ள, ஞாயித்துக்கெழமைன்னா பகல்லயே ஆரம்பிச்சிருவியா?"

சௌந்தரம் மாமா எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "இருங்க. காளவாசல் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாரேன்," என்று கிளம்பிவிட்டார்.

அவர் போன கையோடு எங்கள் கார் வந்தது. பழத்தட்டோடு முதலில் நுழைந்தது அம்மா. பெண் வீட்டு சோபாவில் கைலி கட்டி, தொப்புள் தெரிய, காபி குடித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த பெரியம்மா எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள வீட்டோட மாப்பிள்ளையாவே ஆயிட்டானா?" என்றார்.

"என்னடா கோலம் இது?"

"மழைம்மா."

"மழையா? டவுன் பூராம் சுத்திட்டு வாறோம். பொட்டுத் தண்ணி இல்ல." அம்மா என் பக்கத்தில் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வயித்து வலி, பஞ்சரு, இப்ப இதுவா? புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதானே. ஏன்டா இப்படி மானத்த வாங்குற?"

பிடித்திருக்கிறது என்று அங்கே, அந்த டி-ஷர்ட்டில், எப்படிச் சொல்வது?

சௌந்தரம் மாமா திரும்பி வந்தார். உடம்பில் வியர்வையைத் தவிர வேறு ஈரமில்லை. "காளவாசல்ல புழுதி பறக்குது. இளநிக்காரர்கிட்ட மழை பெஞ்சுச்சான்னு கேட்டேன். அவரு என்னையவே ஒரு மாதிரி பாக்குறாரு." இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் ஈர ரோடு தெரிந்திருக்கும் என்றேன். "அதுக்கு மேல போனா ராகுகாலம் வந்துருமே தம்பி," என்றார். வழக்கு முடிந்தது. அப்பா மெதுவாகச் செருப்பைத் தேடத் தொடங்கினார். நான் ஜெயித்துவிடலாம் என்று நினைத்து வந்த ஒரே வீடு அது.

அப்போது உள்ளேயிருந்து கோகிலாவின் அம்மா வந்து, "பாப்பா அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணுங்குறா," என்றார்.

பின்கட்டில், சொட்டிக்கொண்டிருந்த என் பேன்ட்டுக்கு அந்தப் பக்கம் கோகிலா நின்றாள். போட்டோவில் இருந்த அதே பார்வை.

"நெசமா என்ன நடந்துச்சு?"

"மழைங்க."

"இங்க பாருங்க. வண்டியோட கால்வாயில விழுந்துட்டேன்னு சொல்லுங்க. இல்ல, லாரிகாரன் மேல பழியப் போடுங்க. எங்க மாமா அதைத்தான் எதிர்பாக்குறாரு. ஒடனே நம்பிருவாரு. எல்லாரும் சிரிச்சுட்டு பஜ்ஜி சாப்பிடப் போயிருவோம். நானே எடுத்துக் குடுக்குறேன்ல, சொல்லுங்க."

ஆசையாகத்தான் இருந்தது. லாரி என்று ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவள் அப்படி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் லாரியை வெளியே எடுக்க முடியவில்லை.

"எனக்கும் லாரின்னு சொல்ல ஆசைதாங்க," என்றேன். "ஆனா பெஞ்சது மழைங்க. நான் என்ன செய்ய?"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சமையலறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுதிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

ஹாலில் அவள் சொன்ன பதிலைப் பெரியம்மா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "ஒண்ணு, இவரு உண்மை பேசுறாரு. இல்லைன்னா, இவருக்குப் பொய் சொல்லவே தெரியல. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் சமாளிச்சுக்குவேன்." சௌந்தரம் மாமா மட்டும், "எதுக்கும் விசாரிச்சுக்கலாம்," என்று தாம்பூலம் மாற்றும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று மண்டப வாசலில் என் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போய், "இனிமே ஒண்ணும் மாறப் போறதில்ல தம்பி. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. லாரிதானே?" என்றார்.

கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது நாங்களும் கோச்சடையில்தான், மாமனார் வீட்டு மாடியில். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் 'நனைவது' என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறிவிட்டது. டிவியில் யாராவது மைக்கைப் பிடித்து ஊருக்கு வாக்குறுதிகளை அள்ளிவிட்டால், மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "நல்லா நனைஞ்சு வந்திருக்கான்யா," என்பார். பரீட்சை சுலபமாக இருந்தது என்று அக்கா மகள் சொன்னால், "ரொம்ப நனையாதடி," என்பார் அம்மா. வெளியாட்கள் புரியாமல் விழிப்பார்கள். உடனே யாராவது ஒருவர், மிக்க மகிழ்ச்சியோடு, முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லிவிடுவார்கள்.

போன வைகாசியில் ஒரு சாயங்காலம். கோச்சடையில் இலைகூட அசையாத வெக்கை. பழங்காநத்தத்தில் இருக்கும் ஆபீஸிலிருந்து கோகிலா ஸ்கூட்டியில் வந்து வாசலில் நிறுத்தினாள். தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட. புடவை உடம்போடு ஒட்டி, ஹேண்ட்பேக்கைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டியது.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் விரலை நீட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது. துண்டு எடுங்க."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். சத்தியமாக முகத்தில் எந்த பாவமும் காட்டவில்லை. ஆனால் கீழே வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமனார், பேப்பரை இறக்கி, தெருவில் அடிக்கும் வெயிலை ஒரு முறையும் மகளை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "எம்புட்டு நனைஞ்சிருக்கே தாயி!" என்றார்.

இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்று என் மனம் குளிர்ந்தது. தலையைத் துவட்டியபடி மாடி ஏறிய கோகிலா, பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"இன்னைக்குப் பெஞ்சது வாஸ்தவம். அதுக்காக அன்னைக்கும் பெஞ்சுச்சுன்னு ஆயிராது."