ஏணிக்கொடியும் பதினேழாவது புகாரும்

"இரு, டேப்பைக் குடு" என்று மனைவியின் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவிக்கொண்டு போனார் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியம். கணினித் திரையில் நின்ற ஒரு செடியை அடியிலிருந்து நுனிவரை அளந்தார்.

"ரெண்டு விரக்கடை குறையுது."

"அது என்ன ஜாக்கெட்டா, பிரிச்சு விடறதுக்கு?" என்றாள் தையல்காரியான அவள்.

"ஜாக்கெட்டா இருந்தா உன்கிட்டயே குடுத்திருப்பேனே."

மறுநாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய வீடியோ கேம் ஒன்றின் ரசிகர்கள் பத்துப் பேர் சேர்ந்து, யாரும் கேட்காமலே, அதற்கு அடுத்த பாகத்தைத் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள். அதில் அவர் பங்கு ஏணிக்கொடி. தண்ணீர் ஊற்றினால் மளமளவென்று வளரும். இலைக்கு இலை கால் வைத்து ஏறினால் மேகத்துக்குப் போய்விடலாம். போகலாம் என்று பெயர்தான். கடைசி இலையில் கை எட்டாமல் வீரன் பொத்தென்று விழுவான்.

மூன்று மாதம் கழித்து அவள் கணினியைத் திறந்தாள். கொடியின் மேல் பதினேழு புகார்கள். பதினாறு முடிந்திருந்தன. பதினேழாவது, அவர் போவதற்கு முதல் நாள் 'குளவி' என்ற பெயரில் வந்தது: "இதற்குப் பெயர் கொடியா? செய்தவர் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தாரா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மனுஷன் கடைசியாகக் கேட்ட பேச்சு இதுவாகவா இருக்க வேண்டும்? இதை முடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தாள். எழுதியவரே திருப்தியாகி மூடினால்தான் புகார் முடியும்.

கொடியின் மேல் அமுக்கினால் அளவுகள் வந்தன. உயரத்தைக் கூட்டினாள். பத்துப் பேரில் ஒருவரான சலூன்காரர் கடையிலிருந்தே விளையாடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணி, கொடி மேகத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போவுது. நம்மாளு தலை உள்ள, காலு வெளிய."

"மேகத்தைத் தூக்கி விட்டுரவா?"

"விடுங்க. சார், தலையை ஆட்டாதீங்க. உங்களை இல்ல அண்ணி."

மேகத்தைத் தூக்கினாள். அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் இடமில்லாமல் சடசடவென்று வீரன் தலையில் விழுந்தன.

"காக்காவை எல்லாம் எடுத்துட்டேன்" என்றாள்.

"ஐயையோ அண்ணி. கோட்டைச் சாவி காக்கா வாயிலதான் இருந்துச்சு."

கொடியை வளைத்தாள், வீரன் தலைகீழாக ஏறினான். கடைசியில் சலூன்காரர் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். இந்தத் தடவை அவள் கொடியைத் தொடவே இல்லை. வீரனின் கையை இரண்டு விரற்கடை நீட்டிவிட்டாள். எட்டியது. நடக்கும்போது மட்டும் கை தரையைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

"பரவால்ல, பழகிரும்" என்றார் சலூன்காரர்.

அவள் குளவிக்கு எழுதினாள்: "ஐயா, சரிசெய்தாயிற்று. பார்த்து முடித்து வைக்கவும்."

பதில் இல்லை. மறுவாரம் இன்னும் பணிவாக எழுதினாள். அதற்கும் இல்லை. மூன்றாம் வாரம் பொறுமை போயிற்று: "அவ்வளவு வாய் பேசினீர்களே, ஒரு வரி எழுதக் கை வராதா? உங்களோடு ஒருத்தி எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ."

சலூன்காரர் உடனே கூப்பிட்டார். கத்தரிச் சத்தம் இல்லை.

"அண்ணி, குளவியை அப்படித் திட்டாதீங்க."

"ஏன், அவரு என்ன பெரிய இவரா? போனவரு பேருல ஒரு குறை நிக்கக் கூடாதுன்னு நான் ராப்பகலாக் கெடந்து சாவுறேன். வந்து பாத்துட்டு மூடிட்டுப் போக வலிக்குதா?"

அந்தப் பக்கம் கடைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இத்தனை நாளா சொல்ல வாய் வரல. குளவி நம்ம அண்ணன்தான். லிஃப்ட் வேலைப் பழக்கம், எழுத்துல புகார் வராம எந்த மெஷினையும் தொடமாட்டேன்னு, பதினேழையும் தனக்குத்தானே எழுதிக்கிட்டாரு."

பதினேழாவது புகார் இன்னும் முடியவில்லை.