ஓரிரவு அண்ணை

லண்டனில் கார் நிறுத்த இடமில்லாமல் அழுதவர்கள் ஆயிரம் பேர். இடத்தை வைத்துக்கொண்டு, வந்து நிறுத்த ஆளில்லையே என்று ஏங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தெருவே அவரை 'ஓரிரவு அண்ணை' என்றுதான் அழைத்தது.

கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய மோட்டர்ஹோம் ஒன்றில் தன் மனைவியை, எங்களுக்கு அக்காவை, ஏற்றிக்கொண்டு ஒரு கோடையில் சுவீடன் போனார். அங்கே நாட்டுப்புறத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் வீட்டைச் சுற்றிய வளவில் ஓர் இரவு இலவசமாக நிறுத்த விடுவார்கள். படுத்து எழும்பிப் போய்விடலாம்.

அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. ஒருவர் வளவில் படுத்துவிட்டு வெறுங்கையோடு போவதா? காலையில் புட்டு அவித்து, ஆட்டிறைச்சிக் குழம்பும் வைத்துப் பண்ணைக்காரரின் கதவைத் தட்டினார். அந்த மனிதர் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். அது நன்றிக் கண்ணீர் என்றே அண்ணை இன்றுவரை நம்புகிறார்.

திரும்பி வந்ததும் தன் வாசலிலும் பலகை போட்டார்: 'மோட்டர்ஹோமுக்கு ஓரிரவு இலவசம்.' வரப்போகிறவருக்காகத் தன் வாகனத்தை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, மழையில் நனைந்து நடந்து வந்தார்.

"செவன் கிங்ஸைப் பார்க்க ஆர் அண்ணை வரப்போகினம்?" என்று சீண்டினேன்.

"வருவினம். நான் இந்த நாட்டில வந்து இறங்கேக்க எத்தினை கேள்வி, எத்தினை கடுதாசி. அந்தச் சுவீடன் பண்ணைக்கார மனுசன் என்ர பேரைக்கூடக் கேக்கேல்லை. 'மரத்துக்குப் பக்கத்தில நிப்பாட்டு' எண்டான். அப்பிடி ஒராளுக்கு நானும் சொல்லிப்போட்டுத்தான் சாகவேணும்."

அதன்பிறகு நான் சீண்டவில்லை.

இரண்டு வருடம் பார்சல் வான்கள்தான் வந்து திரும்பின. பிறகு ஒரு பின்னேரம், வழி தவறிய டென்மார்க் தம்பதி ஒன்று பலகையைக் கண்டு மோட்டர்ஹோமை நிறுத்தியது. அண்ணை ஓடி வந்தார். எங்கள் தெருவில் மரம் ஏது? "அந்தக் குப்பை வாளிக்குப் பக்கத்தில நிப்பாட்டுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெயரை அவரும் கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை.

மூன்றாம் நாளும் புட்டு அவிந்தது.

"ஓரிரவு எண்டெல்லோ போட்டிருக்கு. அதுகளைப் போகவிடுங்கோவன்" என்றார் அக்கா.

"நண்டு இன்னும் சமைக்கேல்லையப்பா."

போன வருடம் அண்ணையும் அக்காவும் மகளோடு இருக்க லண்டனின் மறுபக்கம், கிங்ஸ்பரிக்குப் போய்விட்டார்கள். பலகை இப்போது என் வாசலில். என் காரை இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்துகிறேன். அண்ணை வந்தால் இடம் வேண்டுமே.