மாப்பிள்ளை அழைப்புக்கு லேசான ஃப்ளைவீல் ஆகுமா?

அன்புள்ள மருமகன் அழகுபாண்டி அவர்களுக்கு,

வாடிப்பட்டியிலிருந்து தாய்மாமன் நல்லகாமன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, கல்யாணப் பெண் சுபலட்சுமி மூவரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தைவிடக் காரின் சுகம் அறியவே ஆசை. நேற்றுவரை "வாடா" என்று கூப்பிட்ட பயலுக்குப் பெண் கொடுப்பதால் "அவர்கள்" போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

காரில் கனமான ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு லேசானதை மாட்டலாமா என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன். எஞ்சினை ஒட்டிச் சுற்றும் அந்த இரும்புச் சக்கரம் இளைத்தால், ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் சீறும், வாஸ்தவம். மெதுவாக உருட்டினாலோ பொசுக்கென்று அணைந்துவிடும். உங்கள் அழைப்பு என்ன ரேஸா? கோயிலிலிருந்து மண்டபம் வரை மேளக்காரர் பின்னால் ஆமையாக ஊரவேண்டும் மாப்ள!

விளாங்குடியில் கருப்பு என்ற பயலுக்கு நடந்ததைக் கேளுங்கள், அவனும் இதே சக்கரத்தைத் தன் காரில் மாட்டி, கூட்டாளி மெர்வினை ஓட்டச் சொல்லி மாப்பிள்ளையாக உட்கார்ந்து வந்தான், தெருவுக்குத் தெரு வண்டி நின்றது, மேளம் முன்னால் போய்விட்டது, கடுப்பான கருப்பு மாலையைக் கழற்றி மெர்வின் கழுத்தில் போட்டுவிட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தான், மண்டப வாசலில் பெண்வீட்டார் மாலை போட்டவனுக்கே ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்தார்கள், மச்சினன் மோதிரமும் மாட்டிவிட்டான். "யக்கா, நான் டிரைவருக்கா! மாப்ள பின்னால தள்ளிக்கிட்டிருக்காரு!" என்று மெர்வின் கத்த, ஆரத்தித் தட்டுக்காரி, "எல்லா மாப்ளயும் வெக்கத்துல இப்படித்தான்யா உளறுவாக" என்றாளாம். கருப்பு வேர்த்து வழிந்து வந்து நின்றால், "தம்பி, மெக்கானிக்குக்கெல்லாம் பின்பந்தி" என்கிறார்கள்!

ஆகையால் கல்யாணம் முடியும்வரை பழைய சக்கரமே இருக்கட்டும். என் மகளுக்குத் தாலி கட்டுவது யார் என்பதில் எனக்குக் குழப்பம் வேண்டாம். அழகர் அருளால் பிள்ளைகுட்டியும் பெட்ரோலும் குறையாமல் வாழ்க.

இப்படிக்கு,
மாமன் நல்லகாமன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் சுபலட்சுமி பிடுங்கிப் படித்துவிட்டாள். "யப்பா, அந்தச் சக்கரத்த மாட்டச் சொன்னதே நான்தான். பாவம் அத்தான், என் பேரச் சொல்லாம உங்ககிட்டக் கேட்டிருக்காக. அழைப்புக்கு வண்டி ஓட்டப்போறதும் நான்தான், எங்க நிக்கிதுன்னு பாப்போம்" என்கிறாள். உங்கள் அத்தையும் அவள் பக்கம். எனவே மாப்ள, இன்றைக்கே மாட்டிவிடுங்கள். மேலே இருப்பதை நான் எழுதவே இல்லை.