உலகின் முதல் ஈரப் பொன்னாடை

மனிதகுல வரலாற்றை இனிமேல் இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: பேரீச்சை மட்டையிலிருந்து ஷார்ஜாவில் நூல் வருவதற்கு முன், வந்த பின். இது கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அந்த நூலைத் தயாரிக்கும் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன்பே அச்சாகிவிட்ட புத்தகம் அது.

நூல் எப்படி வருகிறது என்பதை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே வேதியியலாளராக இருந்த கஜாலினி, பார்க்க வருபவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்குவாள். மட்டையைக் கூழாக்கி, அயனித் திரவத்தில் கரைக்க வேண்டும். அது ஒரு வகை உப்பு. சூடேற்றாமலே திரவமாக நிற்கும் உப்பு. கரைசலை நுண்துளைத் தட்டு வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தினால் இழை இழையாக வரும். பிறகு, இதுதான் முக்கியம், அந்த இழையைப் பல தொட்டிகளில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

புத்தகத்திலோ, "பாலைவனத்தின் ஒரு சொட்டு நீரும் இங்கே வீணாகாது" என்று இருந்தது. புத்தகத்தைத் திருத்தச் செலவாகும். எனவே கழுவுவதைத் திருத்தினார் நிர்வாக இயக்குநர் சதீஷ்குமார்: இனி ஒரே தொட்டிதான்.

"சேர், ஒரு தொட்டி காணாது. உப்பு இழைக்குள்ளயே நிக்குது. காத்தில இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுக்கும். தோலில பட்டா அரிக்கும்."

"கஜாலினி, நீங்க கெமிஸ்ட்ரி பாக்கறீங்க. நான் விஷன் பாக்கறேன்."

விஷனுக்கு முன்னால் வேதியியல் என்ன செய்யும்? தவிர, அவளுடைய விசா அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. புதுப்பிக்கும் கையெழுத்தும் விஷன் பார்ப்பவரிடமே இருந்தது.

திறப்பு விழாவுக்குத் தலைமை விருந்தினர் செய்கு அலாவுதீன். துபாய் தேராவில் அலுவலகம், ஊரெங்கும் கட்டட சைட்டுகள், தமிழ்ச் சங்கத்தில் நிரந்தரத் தலைவர். தமிழர் மேடையில் தலைமை விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தாவிட்டால் அது விழாவே அல்ல. பொன்னாடை கம்பெனியின் சொந்த இழையிலேயே நெய்யப்பட்டது. அத்துடன் நிற்காமல், "பூமித்தாய்க்கு அஞ்சலி" என்று ஏசியையும் அணைத்தார்கள். கதவுகளும் திறந்து வைக்கப்பட்டன. மாதம் ஆகஸ்ட்.

கைத்தட்டலுக்கிடையே பொன்னாடை தோளில் ஏறியது. வரவேற்புரை முடிவதற்குள் அது நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

"தம்பி, இத நனைச்சா போத்துனீங்க?" என்று செய்கு அலாவுதீன் மெதுவாகக் கேட்டார். "கழுத்தெல்லாம் நமைக்குதேப்பா."

மேதைகள் பிறப்பது இத்தகைய கணங்களில்தான். சதீஷ்குமார் மைக்கைப் பிடுங்கினார். "நண்பர்களே! காற்றிலிருந்து நீரை எடுக்கும் உலகின் முதல் பொன்னாடை! வெயிலில் உழைக்கும் நம் தொழிலாளிக்குக் கழுத்திலேயே ஒரு ஏசி!"

அரங்கம் எழுந்து நின்றது. செய்கு அலாவுதீன் ஒரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டே மறு கையை உயர்த்தினார். "நம்ம சைட்டுப் புள்ளைங்க அத்தன பேருக்கும் இதுல கழுத்துத் துண்டு. என் அன்பளிப்பு!"

மேடையை விட்டு இறங்கியதும் பொன்னாடையை உருவி டிரைவரிடம் எறிந்தார். "வண்டிக்குள்ள வச்சிடாதே. சீட்டு பாழாப்போவும்."

மறுநாள் தரச் சான்றிதழ் கஜாலினியின் மேசைக்கு வந்தது.

"இதில நான் கையெழுத்து வைக்க மாட்டன் சேர். தோலில படக்கூடாத துணி."

"அப்படியே எழுதிடுங்க," என்றார் சதீஷ்குமார், பெருந்தன்மையாக. "லேபிள்ல போட்டுடலாம். வார்னிங் குடுத்துட்டா நம்ம கடமை கலாஸ், முடிஞ்சது. உங்க மனசாட்சிக்கும் நல்லது, விசாவுக்கும் நல்லது."

அவள் வெகுநேரம் யோசித்தாள். பொய் எழுதச் சொல்லவில்லையே என்று தோன்றியது. எழுதினாள், கையெழுத்திட்டாள். விசா வந்தது. எச்சரிக்கை அழகிய ஆங்கிலத்தில், துண்டின் உட்புறம், சரியாகக் கழுத்துப் படும் இடத்தில் தைக்கப்பட்டது.

சில நாள் கழித்து ஆய்வகக் கதவைத் தட்டியவர் முனியசாமி. ராமநாதபுரத்துக்காரர், செய்கு அலாவுதீனின் சைட்டில் கம்பி கட்டுபவர். துண்டு போட்ட இடமெல்லாம் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"மேடம், இதுல இங்கிலீசுல என்னமோ போட்ருக்கு. மருந்து பேரு எதுவுமா?"

கஜாலினி தன் வாக்கியத்தைத் தானே படித்துச் சொன்னாள். "தோலில படக்கூடாது எண்டு."

"கழுத்துல போடுற துண்டு மேடம். தோலுல படாம எங்கிட்டுப் போட?"

"கழட்டி எறியுங்கோ அண்ணை."

"அது முடியாது மேடம். துண்டு இல்லாம வந்தா கேட்டுலயே ஆப்சென்ட் போட்ருவாங்க. சேஃப்டி ரூல்."



இந்த மகத்தான கண்டுபிடிப்பை எச்சரிக்கை இல்லாமல் விற்றார்கள் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. அரிப்பெடுத்தவர்கள் எல்லோருமே கவனிக்கப்பட்டார்கள். செய்கு அலாவுதீனுக்கு அன்று மாலையே டாக்டர் வந்தார். மற்றவர்களுக்கு லேபிள் வந்தது.